வெறுங்கைக்குப் பதினெட்டு டாலர்

செத்துப்போன மனைவியின் கையை இன்னொரு முறை பிடித்துக்கொள்ள என்ன விலை? கோட்டை கட்டி ஆண்டவர்கள்கூடக் கேட்டுப் பார்த்துத் தோற்ற கேள்வி இது. பிரையர்மூர் சந்தையில் மட்டும் பதிலைப் பலகையில் எழுதியே தொங்கவிட்டிருந்தார்கள்: ஒற்றைக் கை பதினெட்டு டாலர், கோத்த கை முப்பது, சாயம் வேண்டுமென்றால் மேலே நாலு.

ஹார்லன் வீன்ஸ்ட்ரா அந்தப் பலகையைத் தேடித்தான் வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் தரைவிரிப்பு விற்றவர். எழுதிப் போட்ட விலை என்பது பேச்சைத் தொடங்குவதற்கு ஓர் இடம், அதற்குமேல் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி.

அது சீசனின் கடைசி ஞாயிறு. மிச்சிகனில் அக்டோபர் முடிகிற சமயத்தில் பெய்யுமே, மழை என்றும் சொல்ல முடியாமல் பனி என்றும் சொல்ல முடியாமல் ஒரு நசநச ஈரம், அது மதியத்திலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. வண்டி நிறுத்தும் மைதானத்தில் பாதி காலி. சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே மரத்தில் கோட்டை கட்டி, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தை இலையுதிர் காலம் முழுக்க வார இறுதிகளில் டிக்கெட்டுக்கு விடுகிற இடம் அது. பல் டாக்டர் படைத்தலைவராக வருவார். வங்கியில் காசாளராக இருக்கிற பெண் கடல் கொள்ளைக்காரியாக வருவாள். யாரும் நிஜமாகவே யாரையும் வெட்டிவிடக் கூடாதே என்று, வாசலிலேயே கத்திகளை உறையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். உள்ளே ஒரே சட்டம்தான். வேஷத்தைவிட்டு இறங்கக் கூடாது. நீ யார், எங்கிருந்து வருகிறாய், நிஜப் பேர் என்ன என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எவர் வந்து பக்கத்தில் நின்றாலும் சந்தையைச் சேர்ந்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் மார்லிஸின் பைத்தியம். பச்சை வெல்வெட்டில் தானே கவுன் தைத்துக்கொண்டு சீமாட்டியாக நடப்பாள். ஹார்லன் பழுப்பு மேல்சட்டையில், அவள் வாங்கிக் குவிக்கிற சோப்பு, மணி, மண்குவளை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பின்னால் போவார். அவருக்குக் கிடைத்த வேஷம் அதுதான், அதில் அவருக்குக் குறையும் இல்லை.

இன்றைக்கும் அதே பழுப்புச் சட்டை. சுமக்க ஒன்றுமில்லாததால் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வாசலில் டிக்கெட் கிழித்தவள், நனைந்த இறகுத் தொப்பியோடு கேட்டாள்: "தனித்தா வந்தீர், பிரபுவே? உம் சீமாட்டி எங்கே?"

வேஷத்தைவிட்டு இறங்கக் கூடாதே. "தூர தேசம் போயிருக்கிறாள்" என்றார்.

"எப்போது திரும்புவாள்?"

"இன்றைக்கு" என்றார் ஹார்லன். சொன்ன பிறகுதான், தான் எதற்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அவருக்கே முழுசாக விளங்கியது.

போன வருஷம் இதே சந்தையில், மருந்தில் முடியெல்லாம் கொட்டி, தலையில் துணி சுற்றியிருந்த மார்லிஸ் அவரை மெழுகுக் கடைக்கு இழுத்துப் போனாள். இருவரும் கை கோத்து, கொதிக்காத சூட்டில் உருகிக் கிடந்த மெழுகில் முக்கி முக்கி எடுத்து, கடைசியில் கைகளை மெல்ல உருவிக்கொள்ள, உள்ளே கூடாக, வெளியே கோத்த கைகளாக ஒன்று கிடைத்தது. ஏப்ரலில் அவள் போனாள். மெழுகுக் கை இருந்தது. சின்ன வயதில் பந்து பிடிக்கப் போய் உடைந்து, வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்ட அவளுடைய சுண்டுவிரல்கூட அப்படியே இருந்தது.

ஜூலையில் ஒருநாள் அதைத் தன் பிக்கப் வண்டியில் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனார். ஏன் எடுத்துப் போனார் என்று கேட்டால் என்ன சொல்வார்? பேச்சுத் துணைக்கு. கடையில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பிடித்துக்கொண்டார், வெயில் தன் வேலையைப் பார்த்தது. திரும்பி வந்தபோது இருக்கைத் துணியில் ஒரு குட்டை. அதில் எது அவர் விரல், எது அவள் விரல் என்று பிரிக்க முடியவில்லை.

அந்த அச்சு போனால் போனதுதான். ஆனால் அவள் கை இருந்த இடத்தின் அளவு தன் கைக்குத் தெரியும் என்று ஹார்லன் நம்பினார். தன் கையை அதே மாதிரி வைத்து முக்கினால், நடுவில் அவள் கை அளவுக்கு ஒரு காலியிடம் கிடைக்கும். காலியிடமாவது கிடைக்கட்டும்.

உள்ளே நடக்கும்போது செல்பேசி அடித்தது. மகள் ஜொஹானா.

"அப்பா, எங்க இருக்கீங்க? அடுப்புல கறி வெந்துக்கிட்டிருக்கு. பசங்க தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"சந்தையில இருக்கேன் கண்ணு."

"தனியாவா?"

"அடுத்த வாரம் வந்துடறேன்."

"ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம்தான் சொல்றீங்க. வராட்டி நானே வந்து கதவைத் தட்டுவேன், பாத்துக்கங்க."

"தட்டு. தொறக்கறேன்" என்று சொல்லி வைத்தார்.

சந்துகளில் ஆள் குறைந்திருந்தது. நனைந்த வைக்கோல் வாடை, எண்ணெயில் பொரித்த மாவின் வாடை, எங்கோ அணைந்த விறகின் புகை. குதிரைச் சண்டை மைதானத்தில் ஒரு வீரர் கவசத்தைக் கழற்றிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கூடாரத் துணிகள் காற்றில் படபடத்துவிட்டு ஓய்ந்தன. அவை ஓய்ந்த பிறகு வந்த அமைதி நல்ல அமைதியாக இல்லை.

மெழுகுக் கடை சந்தின் கடைசியில். அதற்கப்பால் வேலி, வேலிக்கப்பால் அறுத்து முடித்த சோளக்காடு.

"வருக, மாண்புமிகு பிரபுவே. உம் திருக்கரத்தை அழியாச் சின்னமாக்கித் தருவேன்" என்றாள் கடைக்காரி. பெயர் ரெட்டா என்று அட்டை சொன்னது. ஐம்பது வயதிருக்கும். அழியாச் சின்னம் என்று சொல்லிக்கொண்டே மூக்கைச் சீந்திக்கொண்டாள்.

"கோத்த கை வேணும்மா. ஆனா கை ஒண்ணுதான்."

"ஒன்றோடு கோக்க இன்னொன்று வேண்டுமே, பிரபுவே."

"பக்கத்துல ஒரு கை இருக்கற மாதிரி நான் வச்சுக்கறேன். நீங்க முக்கி எடுங்க. அந்த எடம் காலியா இருக்கட்டும்."

ரெட்டா நிமிர்ந்து பார்த்தாள். ராணி காலத்துப் பேச்சு சட்டென்று இறங்கிவிட்டது.

"அது செய்யறதில்லீங்க. கட்டைவிரலத் தூக்கிக் காட்டுங்க, முஷ்டி மடக்குங்க, இல்லாட்டி இந்த மர ரோஜாவப் பிடிச்சுக்கங்க. பிடிக்கற மாதிரி வச்சுக்கிட்டு ஒண்ணும் பிடிக்காம முக்கறது மட்டும் கிடையாது."

"ஏன்?"

"நிக்காது, உடைஞ்சுடும். இந்தக் கடைய எனக்கு வித்த கெழவன் சொன்னது. வாளி, கொப்பரை, கூடாரம் எல்லாத்தையும் தள்ளிவிட்டுட்டுப் போறப்ப அவன் சொன்ன புத்தி அது ஒண்ணுதான். வெறுங்கைய முக்காதேன்னான்."

"உடைஞ்சா என் நஷ்டம்."

"அப்படின்னா கோத்த கை விலை. முப்பது."

"கை ஒண்ணு, விலை ரெண்டா? ஒரு ரூமுக்குக் கார்ப்பெட் போட்டுட்டு ரெண்டு ரூமுக்குப் பில் போட்டா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"ஓ, கார்ப்பெட்டா. அதான பாத்தேன், வாய் இந்த ஓட்டம் ஓடுதேன்னு."

"கடைசி நாள். கொப்பரையில பாதி மெழுகு மிச்சம். அத வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? பதினெட்டு."

ரெட்டா சிரித்துவிட்டாள். வியாபாரத்தில் எதிராளி சிரித்தால் முடிந்தது கதை. ஹார்லன் ஜெயித்தார். சில வெற்றிகளுக்குப் பில் கொஞ்சம் தாமதமாக வரும்.

முதலில் ஐஸ் வாளி. வலது கை மரத்துப்போகும்வரை வைத்தார். பிறகு, மார்லிஸின் தோள் உயரத்தை மனதில் வைத்து, கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரல்களை அகட்டி, உள்ளங்கையை லேசாகக் குழித்துக்கொண்டார். கோத்த கையில் பாதி. பார்க்க, பிச்சை கேட்கிற கைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

"வா மார்லிஸ்" என்றார், வாய்க்குள்.

கொப்பரையில் சாயமில்லாத வெள்ளை மெழுகு. கஞ்சி மாதிரி மங்கல், அடி தெரியாது. கை உள்ளே போனது, இதமான சூடு. எடுத்துத் தண்ணீரில் நனைத்து, மறுபடி உள்ளே.

மூன்றாம் முறை உள்ளே போனபோது, விரல் இடுக்கில் ஏதோ பட்டது.

ரெட்டா மெழுகைக் கலக்கிவிடுகிறாள் என்று நினைத்தார். அவள் இரண்டு கைகளும் அவர் மணிக்கட்டின் மேல்தான் இருந்தன.

வெளியே எடுத்தார். அவர் கை மட்டும்தான்.

மறுபடி உள்ளே.

விரல்கள். ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி, அவர் விரல்களுக்கு நடுவே நுழைந்தன. உள்ளங்கையோடு ஓர் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. அத்தனை சூட்டிலும் அது மட்டும் குளிர்ந்திருந்தது.

ஹார்லனின் கண் நிறைந்துவிட்டது. பயம் வரவில்லை. ஏப்ரலிலிருந்து அவரை யாரும் தொட்டதில்லை, மருந்துக்கடையில் மீதிச் சில்லறை கொடுக்கிறவரைத் தவிர. "வந்துட்டியா" என்றார்.

"என்னங்க?" என்றாள் ரெட்டா.

"ஒண்ணுமில்ல. முக்குங்க."

வெளியே வந்தால் காலி. உள்ளே போனால் அந்தக் கை. ஆனால் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் மெழுகு கொஞ்சம் கூடுதலாக வந்தது, இல்லாத ஒன்றின் மேல் படிந்து படிந்து. ரெட்டாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றாள்.

"கையை உருவுங்க" என்றாள், மெல்லிய குரலில். "மெதுவா."

ஹார்லன் விரல்களை அசைத்துத் தளர்த்தி உருவினார். கை வந்துவிட்டது. மெழுகு அச்சு ரெட்டாவின் மேசைமேல் இருந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு சத்தம் கேட்டது.

சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குகிற மாதிரி, ஈரமாக, நிதானமாக. அச்சின் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ தன்னை உருவிக்கொண்டது.

வாசல் பக்கம் சந்தை முடிந்ததற்கு அறிகுறியாகப் பீரங்கி வெடித்தது. ரெட்டா துள்ளிவிழுந்தாள். ஹார்லன் அசையவில்லை. அவர் அச்சைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோத்த கைகள். ஒன்று அவருடையது. இன்னொன்று சின்னது, பெண் கை. அவர் அதன் சுண்டுவிரலைத் தேடினார்.

நேராக இருந்தது.

திருப்பிப் பார்த்தார். நேர்தான். மோதிரம் இல்லை. நகங்கள் சதைவரை கடித்துக் கடித்துத் தேய்ந்தவை. மார்லிஸ் ஒருநாளும் நகம் கடித்ததில்லை. அந்த விரல்கள் அவருடைய புறங்கையை எவ்வளவு அழுத்தியிருந்தன என்றால், மெழுகில் நாலு குழி விழுந்திருந்தது. தன் நிஜக் கையைப் பார்த்தார். அங்கேயும் நாலு. கன்றிச் சிவந்து.

"அது உங்க வீட்டம்மா கையா?" என்று கேட்டாள் ரெட்டா. கேட்டுவிட்டு வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

ஹார்லன் அந்த நேரான சுண்டுவிரலையே தடவிக்கொண்டிருந்தார்.

அவள் இடுப்புப் பையைத் திறந்து, அவர் கொடுத்த நோட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். "பணத்த எடுத்துக்கங்க. இதக் கொப்பரையில போட்டுடுங்க. இப்பவே. உருகிடட்டும்."

கேட்காமலே பணத்தைத் திருப்புகிற கடைக்காரியை ஹார்லன் தன் ஆயுசில் பார்த்ததில்லை. சரக்கைப் பற்றி அவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. எப்படியானாலும் புத்தியுள்ளவன் பணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுவான். அவர் இடது கையால் அச்சைக் கொப்பரைக்கு மேலே கொண்டுபோனார். கீழிருந்து சூடு முகத்தில் அடித்தது. கையை விட்டால் போதும்.

அப்போது வீட்டை நினைத்தார். ஆள் குரலுக்காக ஓட விட்டிருக்கிற டிவி. இரவெல்லாம் உறுமுகிற பிரிட்ஜ். படுக்கையில் தன் பக்கம் மட்டும் பள்ளமாகவும் மறுபக்கம் மேசை மாதிரி தட்டையாகவும் கிடப்பதை.

மேசைக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்த அவரது வலது கையில், குளிர்ந்த விரல்கள் வந்து நுழைந்தன. இப்போது மெழுகு இல்லை. வெறும் காற்றில்.

அவை நடுங்கிக்கொண்டிருந்தன. அதுவும் பயந்திருந்தது. தன்னை விட்டுவிடுவாரோ என்று.

"பெரியவரே" என்றாள் ரெட்டா. "அது அவங்கதானா?"

"அவளுதுதான்" என்றார் ஹார்லன்.

சொன்னதுமே அந்த நடுக்கம் நின்றது. விரல்கள் ஒருமுறை நன்றாக இறுக்கிக்கொண்டன, உடன்பாடு முடிந்ததும் வியாபாரிகள் கைகுலுக்குவதுபோல.

மைதானத்தில் அவருடைய வண்டி மட்டும் தனியாக நின்றது. இடது கையால் கதவைத் திறந்து, இடது கையால் ஓட்டினார். மெழுகு அச்சு மடியில் இருந்தது. மழைத் துடைப்பான் சத்தத்துக்கு நடுவே, வழியெல்லாம் அவர் மார்லிஸைப் பற்றியே பேசிக்கொண்டு போனார். தப்பு செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறவன் மாதிரி.

முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத்தான் போனது, அதை மறைப்பானேன். காலையில் விழிக்கும்போது கையில் ஒரு கை. டிவியை அணைத்துவிட்டார். காபியை இடது கையால் குடிக்கப் பழகினார், சட்டையில் பொத்தான் போடுவதை விட்டுவிட்டார். வலது கையை அந்தக் கை ஒரு நிமிஷமும் விடவில்லை. ஒருமுறை, முகம் கழுவ வேண்டுமே என்று செல்லமாக இழுத்துப் பார்த்தார்.

எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுகியது.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கடைசி ராத்திரி மார்லிஸ் அவர் கையை ஒவ்வொரு விரலாகத் தானே விலக்கிவிட்டு, "நீ போய்த் தூங்கு, பாவம், கண்ணெல்லாம் செவந்திருக்கு" என்றாள். பிடிக்கத் தெரிந்தவளுக்கு விடவும் தெரிந்திருந்தது. இது யாரோ. யாரிடமிருந்தோ பிய்ந்து வந்து, விட்டுவிடப்பட்டதை மட்டுமே தெரிந்து வைத்திருக்கிற ஒன்று.

வெள்ளிக்கிழமை வாக்கில் தூக்கம் போயிற்று. புறங்கையில் அந்த நாலு குழியும் கறுத்துவிட்டன. ஜன்னல் மேடையில் இருந்த அச்சைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்று நினைத்தார். நினைத்ததுதான் தாமதம், பிடி இறுகியது. நினைப்பதை நிறுத்தினார்.

சனிக்கிழமை முழுக்கச் செல்பேசி அடித்துக்கொண்டே இருந்தது. அது சமையலறையில் இருந்தது, அவர் கூடத்தில் நாற்காலியில். எழுந்து போக அந்தக் கை விடவில்லை.

ஞாயிறு மதியம். வெளியே வருஷத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. வாசலில் வண்டி நிற்கிற சத்தம், கார்க் கதவு, காலணியிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம். கதவிடுக்கு வழியாக, மூடிய பாத்திரத்தில் கறியின் வாசனை வந்தது. வெங்காயம், மிளகு, வெண்ணெய். மனுஷர்கள் இருக்கிற வீட்டின் வாசனை.

ஹார்லனுக்கு வாயில் நீர் ஊறியது. இத்தனை நாளில் முதல்முறையாக அவருக்குப் பிழைக்க ஆசை வந்தது.

"அப்பா, நான்தான். குளுருது, தொறங்க."

எழுந்திருக்கப் பார்த்தார். வலது கை அசையவில்லை. இடது கையை நாற்காலியில் ஊன்றி உந்தினார். தாழ்ப்பாள் நாலு எட்டு தூரம்தான், இடது கையாலேயே திறந்துவிடலாம்.

"விடு" என்று கெஞ்சினார், உதடு அசையாமல். "எம் பொண்ணு. ஒரு நிமிஷம். திரும்பி வந்துடறேன்."

நாற்காலியின் இடது பக்கத்திலிருந்து, குளிராக, ஒவ்வொன்றாக, விரல்கள் அவருடைய இடது கைக்குள்ளும் நுழைந்தன.

"அப்பா?" கதவுக்கு அந்தப் பக்கம் ஜொஹானாவின் குரல் மாறியது. "உள்ள யாரு பேசறது? யாரோ பொம்பளைக் குரல் கேக்குதே."

ஹார்லனுக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை.

ஜொஹானா மறுபடி தட்டினாள். பிறகு உள்ளங்கையால் அடித்தாள்.

கூடத்தில் இப்போது கைகள் நாலு. இரண்டு அவருடையவை, இரண்டு அதனுடையவை. நாலும் பிடித்துக்கொண்டிருந்தன. கதவைத் திறக்க ஒன்று குறைந்தது.